லண்டன் வரைக்கும் அளந்து ஊற்றினேன்

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை, கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டில் நடந்தது இது. அன்றைக்கு நான் கூடத்து மூலையில் உட்கார்ந்தபடியே ஒரு பெரிய விமானத்தைச் சென்னையிலிருந்து லண்டனுக்கு ஓட்டினேன். சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். படிக்கிற காலத்திலிருந்தே அவனுக்கு விமானம் ஓட்டும் விளையாட்டில் பைத்தியம். விளையாட்டு என்று சொன்னால் கோபம் வந்துவிடும், சிமுலேட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் நிஜ விமானத்தில் இருப்பது போல ஒரு ஸ்டியரிங், வலது பக்கம் முன்னும் பின்னும் தள்ளுகிற மாதிரி ஒரு லீவர். பெங்களூரில் அவன் இருக்கிற அறையில் கட்டில் போட்டாலே நிற்க இடமில்லையாம். அதனால் இந்தச் சாமான்கள் எல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில், அரசாங்கம் கொடுத்த இலவச டி.வி.க்குப் பக்கத்தில், துணி போட்டு மூடிக் கிடந்தன.

அந்த வருடம் லண்டனில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வந்து தை முடியும்வரை இருக்க வேண்டும் என்று டிக்கெட்டே போட்டு அனுப்பிவிட்டாள். என் மனைவி அன்றைக்கே ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. நான் அதுவரை விமானம் ஏறியதில்லை. ஏணியில் ஏறி ஓடு மாற்றுவதற்கே கூலிக்கு ஆள் வைக்கிறவன் நான்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் வளைகுடா போய் வந்தவர்கள். அவர்களுக்கு விமானம் ஏறுவது திருவாரூர் பஸ் ஏறுகிற மாதிரி. அவர்களிடம் போய் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதனால் காரணங்கள் சொன்னேன். நடவு நேரம் என்றேன். வயலை யார் பார்ப்பது என்றேன். குளிர் ஒத்துக்கொள்ளாது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கடைசியில் ஒரே போடாகப் போட்டாள்.

"கோடியக்கரைக்கு வருசா வருசம் அத்தாம் பெரிய கடலத் தாண்டிக் கொக்கும் நாரையும் வருதுங்க. அதுங்களுக்கு இருக்கற தைரியம்கூட உங்களுக்கு இல்லையா?"

அடுத்த நாள் மகள் போனில் பேசினாள். "அப்பா, நீங்க வரலைன்னா பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அவள் அழுகிறாள் என்பது எனக்குத் தெரியாதா? அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. போகாவிட்டால் ஆயுசுக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. போகலாம் என்றாலோ, கண்ணை மூடினால் விமானம் தலைகுப்புற விழுகிறது.

அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. நானே ஒரு தடவை அந்த சிமுலேட்டரில் சென்னையிலிருந்து லண்டன் வரை நிஜமாக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பது. பத்திரமாக இறக்கிவிட்டால் பயம் போய்விடும், கிளம்பிவிடுவேன். இறக்காவிட்டால் என் டிக்கெட்டை கேன்சல் செய்துவிட வேண்டியது, மனைவி மட்டும் போக வேண்டியது. மனைவியிடம் இதைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் எப்படியாவது நான் வந்தால் போதும் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் மகனிடம் போனில் பாடம் கேட்டேன். மேலே ஏற்றக் கற்றுக்கொண்டேன், இறக்கவும் ஓரளவுக்குக் கற்றுக்கொண்டேன். நடுவில் ஆட்டோ பைலட் போட்டுவிட்டால் அதுவே போகும் என்றான். எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவன் ஒன்று சொன்னான். "லண்டனுக்கு எவ்வளவு ஃபியூயல் வேணும்னு ஸ்கிரீன்ல காட்டும்பா. அதுக்கு மேல கொஞ்சம் எக்ஸ்ட்ரா போட்டுக்குங்க." சரி சரி என்றேன்.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். பக்கத்து வீடு. எங்கள் இரண்டு பேர் வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. அது யார் நிலத்தில் இருக்கிறது என்பதில்தான் தகராறு. அவர் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. தமிழ்நாட்டில் ஆட்சி மாறும்போதெல்லாம் எங்கள் வரப்பும் நகரும். அவர் கட்சி வந்தால் சர்வேயர் வந்து சங்கிலி பிடிப்பார், வரப்பு என் பக்கம் ஒரு முழம் வரும். என் கட்சி வந்தால் நான் மனு கொடுப்பேன், அது திரும்ப அந்தப் பக்கம் போகும். வரப்பில் முளைத்த பனங்கன்றுக்கே இரண்டு தடவை பட்டா மாறியிருக்கிறது என்று ஊரில் கேலி பேசுவார்கள். இந்தச் சண்டையில் பல வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் சொத்துப் பிரிக்கும்போது ஒரே ஒரு சாமானை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது எங்கள் அப்பாக்கள் கூட்டாக வாங்கிப் போட்ட டீசல் இஞ்சின். நாங்கள் கடைமடைக்காரர்கள். ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வாய்க்காலில் தாழத்தான் ஓடும், இஞ்சின் வைத்து இறைத்தால்தான் வயலுக்கு ஏறும். அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் இறைத்து முடித்ததும் இஞ்சினைச் சுற்றும் இரும்பு ஹேண்டிலைக் கொண்டுவந்து அடுத்தவர் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. டங்கென்று சத்தம் கேட்டால், முறை மாறிவிட்டது என்று அர்த்தம்.

டீசல் விஷயம் இன்னும் மோசம். ஒரு தடவை நான் அரை டேங்க் மிச்சம் வைத்துவிட்டு வந்தேன், மறுமுறை போய்ப் பார்த்தால் காலி. அவரும் தனக்கு அப்படித்தான் ஆயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் தன் முறைக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் அளந்து ஊற்றுவோம். கடைசிச் சொட்டு வரை ஓடி, இஞ்சின் தானாக இருமி நிற்கும். டீசல் இஞ்சினை அப்படி வறள விட்டால் குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். அடுத்தவன் வந்து அந்தக் காற்றை எடுத்துக் கிளப்புவதற்குள் பாதி முறை போய்விடும். இரண்டு பேருக்கும்தான் நஷ்டம். இருந்தாலும் விடுவோமா?

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, விபூதி பூசிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்று மனைவி தடுத்தாள். லண்டன் மேற்கேதான் இருக்கிறது. வாயில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டுவிட்டு, "எதுக்கும் மொதல்ல கெழக்கப் பாக்கக் கெளம்புங்க" என்றாள். நல்ல வேளை, சென்னை ரன்வேயில் அப்படி ஒரு வசதி இருந்தது. கடலைப் பார்க்க ஏற்றினேன்.

ஏறியதும் மனைவிக்கு இன்னொரு ஆசை வந்தது. "ஏங்க, அப்படியே நம்ம வூட்டு மேல ஒரு சுத்து சுத்திட்டுப் போங்களேன்." எனக்கும் அந்த வரப்பு மேலே இருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஆசைதான். விமானத்தைத் தெற்கே திருப்பினேன். கடற்கரையைப் பிடித்துக்கொண்டே பூம்புகாரைத் தாண்டி வந்து, கீழ்வேளூர் என்று ஒரு குத்துமதிப்பாகத் தோன்றிய இடத்தில் தாழப் பறந்து மூன்று சுற்றுச் சுற்றினேன். கீழே ஒரே பச்சை. எங்கள் வயல் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கூரை போட்ட நாலு வெள்ளைக்கார வீடுகளும் கிறிஸ்துமஸ் மரங்களும் நின்றன. வரப்பைக் காணவே காணோம். எந்தக் கட்சி ஆட்சியில் இது நடந்ததோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு பயணம் ஜோராகப் போயிற்று. ஆட்டோ பைலட் போட்டேன். அரபிக் கடல் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. மனைவி ஏர் ஹோஸ்டஸ் மாதிரி தட்டில் இட்லி கொண்டுவந்தாள். மதியம் புளிச்சோறும் அப்பளமும். பாத்ரூம் போய்விட்டு ஓட்டமாக ஓடிவந்து பார்த்தேன். விமானம் நான் விட்ட உயரத்திலேயே சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது. கருங்கடலைத் தாண்டும்போது அரைத் தூக்கமே வந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. மனைவி முகத்தில் வெளிச்சம். பெட்டியில் என் ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெர்மனிப் பக்கம் வரும்போது திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எழுத்து வந்தது. எண்ணெய் குறைவு என்று படித்தேன். எங்கள் இஞ்சினும் டேங்க்கின் அடி தெரிந்த பிறகு ரொம்ப நேரம் ஓடும், அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. கடைசிக் கடலைத் தாண்டி இங்கிலாந்து தெரிந்தது. மனைவி கைதட்டினாள். லண்டன் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். நான் விமானத்தைத் தாழ்த்த ஆரம்பித்தேன்.

அப்போது ஒரு இஞ்சின் நின்றது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் இன்னொன்றும் நின்றது. கூடமே அமைதியாகிவிட்டது. அப்புறம் தொடங்கியது பாருங்கள், ஒரு சங்கு. ஊங் ஊங் என்று அலறல், நடுநடுவே ஒரு வெள்ளைக்காரன் இங்கிலீஷில் அதட்டுகிறான். மேலே தூக்கு, மேலே தூக்கு என்கிறான். எதை வைத்து அப்பா தூக்குவது? என் மனைவி எழுந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். "ஐயோ வுழுவுதே! புடிங்க புடிங்க! யாராவது வாங்களேன்!"

அதே நேரம் அண்ணன் தன் முறையை முடித்துவிட்டு, ஹேண்டிலை மாட்ட எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே எவனோ இங்கிலீஷில் அதட்டுகிறான், பெண்பிள்ளை அலறுகிறாள், விழுகிறது என்கிறாள். மனிதர் என்ன நினைத்தாரோ, பல வருடமாக மிதிக்காத வாசலை ஒரே தாண்டாகத் தாண்டி, ஹேண்டிலை ஓங்கியபடி உள்ளே பாய்ந்தார்.

கதவுப் பக்கம் திரும்பிய என் மனைவி, இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டியும் உடம்பெல்லாம் சேறுமாக இரும்புத் தடியோடு நிற்கும் பங்காளியைப் பார்த்தாள். வரப்புக் கணக்கை இன்றைக்கே முடிக்க வந்துவிட்டார் என்று நினைத்து என் முன்னால் வந்து கையை விரித்து நின்றாள். "மாமா, வேணாம் மாமா! அவரு ஏற்கெனவே வுழுந்துகிட்டிருக்காரு!"

"எங்கடி வுழுந்தான்? உக்காந்துல்ல இருக்கான்! எங்க அந்த வெள்ளைக்காரன்?"

எனக்கு எதற்கும் பதில் சொல்ல நேரமில்லை. திரையில் பூமி மேலே வந்துகொண்டிருந்தது. "அண்ணே, பிளேன் வுழுவுதுண்ணே. லண்டன்ல எறக்கணும். எறக்கலன்னா நான் மவளப் பாக்கப் போவமாட்டேன்" என்று கத்தினேன். இத்தனை வருடத்துக்கு அப்புறம் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயல் வேலை செய்கிறவருக்கு அவசரம் என்றால் கேள்வி கேட்கத் தெரியாது. மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து லீவரைப் பிடித்துக்கொண்டார். "இதத் தள்ளவா?"

"தள்ளி என்னண்ணே செய்றது, எண்ணெய் இல்ல."

"எண்ணெய் இல்லையா? அவ்வளவு தூரம் போறவன் டேங்க ரொப்பிக்கிட்டுப் போவ வேணாமா? எவ்வளவுதான்டா ஊத்தினே?"

"லண்டன் வரைக்கும் எவ்வளவு வேணுமோ, அளந்து ஊத்தினேன்."

அண்ணன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தன் மடியில் கிடந்த ஹேண்டிலைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். மகன் படித்துப் படித்துச் சொல்லியும் கை வரவில்லையே எனக்கு. மிச்சம் வைத்தால் எவனாவது உறிஞ்சிவிடுவான் என்று, முப்பதாயிரம் அடி உயரத்திலும் என் புத்தி நினைத்திருக்கிறது.

"இங்கயுமாடா?" என்றார் அண்ணன், மெதுவாக.

வெட்கப்படக்கூட அவகாசம் இல்லை. லண்டன் ரன்வே தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது, ஆனால் எட்டாது என்பது எனக்கே தெரிந்துவிட்டது. கீழே வயல்கள். அண்ணன் விரலை நீட்டினார். "அதோ, அந்தப் பெரிய வயல்ல எறக்கு. சமமா இருக்கு, அறுத்த வயல்தான்."

"அடுத்தவன் வயலுண்ணே."

"உயிரு போவுது, இப்ப என்னடா அடுத்தவன் வயலு? எறக்குடா. ஆனா நடுவுல வேலி வருது பாரு, அதுல ஏத்திடாத. வேலி, வேலி! டேய், வேலியப் பாரு!"

நான் எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டு வயலுக்கும் சரியாக நடுவில், அந்த வேலி மேலேயே படுத்துக்கொண்டது விமானம். திரை ஒரு குலுக்குக் குலுக்கி இருண்டது. விபத்து என்று ஒரு வரி வந்தது. வெள்ளைக்காரன் வாயை மூடினான்.

முதலில் பேசியது அண்ணன்தான். "போச்சு. ரெண்டு வயலுக்காரனும் இனிமே ஆயுசு பூரா கோர்ட்டுக்கு அலைவானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சேறு காய்ந்த கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் சின்ன வயதில் பார்த்தது. நான் சிரித்தபடியே திரும்பினால் மனைவி அழுதுகொண்டிருந்தாள். "எறங்கல. அப்ப நீங்க வரமாட்டீங்க, அப்படித்தானே?" என்றாள்.

அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னோம். பிரசவம், டிக்கெட், என் பயம், நான் போட்ட நிபந்தனை எல்லாவற்றையும். முழுசாகக் கேட்டுவிட்டு அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன்டா, ஒன்ன யாரு அங்க ஓட்டச் சொன்னா? ஓட்டறதுக்கு ஆளு இருக்கான். அவனுக்கு என்ன பங்காளியா இருக்கான், டேங்க ரொப்பாம எடுக்க? ரொப்பித்தான் எடுப்பான். நீ பேசாம உக்காந்து, குடுக்கறதத் தின்னுட்டுப் போய்ப் புள்ளையப் பாரு."

இரண்டு வாரம் பாடம் படித்தும் போகாத பயம் அந்த ஒரு பேச்சில் எப்படிக் குறைந்ததோ தெரியாது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே? நான் பயந்தது விமானத்துக்கு இல்லை. ஓட்டுகிறவன் என்னை மாதிரி ஆளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்திருக்கிறேன். "வயலு…" என்று கடைசிக் காரணத்தை இழுத்தேன். "அது எங்கயும் ஓடிப்போவாது. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மனைவி கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஹேண்டிலை எங்கள் கேட்டில் மாட்டாமல் கையோடு கொண்டுபோய்விட்டார். அது என் முறை, நான்தான் போக வேண்டும். நான் கை கால் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது இஞ்சின் சத்தம் கேட்டது. என் வயலுக்குத்தான் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காலடியில் ஒரு டீசல் கேன். அது அவர் வீட்டு கேன். கிட்டே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஐப்பசியில் நாங்கள் கிளம்பினோம். சென்னையில் விமானம் ஏறி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, மனைவியின் கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அண்ணன். நல்லபடியாகப் போய் வா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "டேய், டேங்க ரொப்பிட்டானுங்களான்னு கேட்டியா?" என்றார். ஏர் ஹோஸ்டஸ் ஒரு தமிழ்ப் பெண். வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேவிட்டேன். வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது, பயப்படாமல் வாங்க என்று அந்தப் பெண் சிரித்தாள். பேத்தியைக் கையில் வாங்கியபோது இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பாவம்.

வரப்புத் தகராறு தீர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது. ஆட்சி மாறினால் இப்போதும் மனு போகிறது, ஆனால் மனு கொடுக்க இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போகிறோம். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு போவதில் ஒரு வசதி இருக்கிறது, நேரம் போவதே தெரிவதில்லை.

இஞ்சின் டேங்க் மட்டும் அன்றிலிருந்து வறண்டதில்லை. யார் முறை முடிந்தாலும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் வருகிறோம், எவ்வளவு குறைந்தது என்று நானும் பார்ப்பதில்லை, அவரும் பார்ப்பதில்லை. தளும்ப நிற்கும் அந்த டேங்க்கின் மூடியைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும், லண்டனுக்குப் பக்கத்தில் எவனோ ஒருவன் வேலி மேல் நான் விழுந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.